மூன்று ஜிகாஹெர்ட்ஸுக்கு ஒரு மதர்போர்டு: உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு

காலை ஏழரை மணி பஸ்ஸில் உசிலம்பட்டியில் ஏறினேன். ஆரப்பாளையத்துக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டிக்கெட் பதின்மூன்று ரூபாய். ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். நடுவில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் ஆட்கள் உரசுவார்கள். ஜன்னலோரம் என்றால் ஒரு பக்கம் மட்டும் கவனித்தால் போதும். பனியனுக்குள் தைத்த பையில் ஒரு சோப்பு டப்பா இருந்தது. டப்பாவுக்குள் பஞ்சு மெத்தையில் குத்திவைத்த பிராசஸர் ஒன்று, கம்ப்யூட்டரின் மூளை. தீப்பெட்டியைவிடச் சின்னது. அடியில் ஊசி ஊசியாக நானூற்று எழுபத்தெட்டுக் கால்கள். ஒரு கால் வளைந்தாலும் குப்பை.

அது என்னுடையதல்ல. என் அக்கா வீட்டுக்காரர் பால்பாண்டி உசிலம்பட்டியில் கல்யாண வீடியோ எடுத்து, எடிட் செய்து, சிடி போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். அவருடைய பழைய கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணத்தை முடிக்க ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் ஆகும். பாதியில் நின்றுவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தை மாத முகூர்த்தங்கள் வரிசை கட்டி நின்றன. சிடி எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கடை வாசலில் வந்து சத்தம் போட ஆரம்பித்திருந்தார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் அவருடைய சித்தப்பா மகன், தன் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த பிராசஸரைக் கழற்றி ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனான். வேகம் 3.06 ஜிகாஹெர்ட்ஸ். அன்றைக்கு மதுரைப் பக்கம் வீடுகளில் ஒன்றரை இருந்தாலே பெரிய விஷயம். பழைய மதர்போர்டில் அது உட்காராது. புதுப் போர்டு வாங்க வேண்டும். மச்சான் கையில் இருந்தது மூவாயிரத்து எண்ணூறு.

என்னை அனுப்பியதற்குக் காரணம் என் கம்ப்யூட்டர் ஞானம் அல்ல. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவில் சில மாதம் பெட்டி சுமந்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்போது வேலை இல்லாமல் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, பிராசஸரு போச்சுன்னா என் சீசனே போச்சு. பாத்து."

"பாத்துத்தான் போவேன் மச்சான்."

"சொல்றேன். நீ போன ஊர்ல எல்லாம் ஏதாச்சும் ஒண்ண தொலச்சிட்டுத்தான வந்திருக்க."

உண்மைதான். பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாண் ஸ்டேஷனில் ஒருவரிடம் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஆளும் இல்லை, பெட்டியும் இல்லை. கட்டிய துணியோடு மூன்று வாரம் கிடந்தேன். அதன் பிறகு யாரையும் நான் இரண்டு முறை பார்க்காமல் விட்டதில்லை.

செக்கானூரணி தாண்டியதும் நாகமலை நீளமாகக் கூடவே வந்தது. கிணறு உள்ள வயல்களில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் கருவேலம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், வெற்றிலை வாயோடு, என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, நெஞ்சத் தொட்டுத் தொட்டுப் பாக்குறீக. என்ன உள்ள?"

"வலிண்ணே."

"இம்புட்டு வயசுலயா? அப்ப பெரியாஸ்பத்திரிக்குல்ல போகணும். வாங்க, நான் ஆட்டோ ஏத்தி விடுறேன்."

"வேணாம்ணே, இப்ப பரவால்ல."

"என்ன பரவால்ல? எங்க சின்ன மாமன் இப்படித்தான் பரவால்லன்னாரு. பதினாறாம் நாளு கறிச்சோறு தின்னுட்டு வந்தோம்."

ஆரப்பாளையத்தில் இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்பாகவும் இருக்கலாம், தொழிலாகவும் இருக்கலாம். மூத்திரம் வருகிறது என்று சொல்லிக் கட்டணக் கழிப்பறைக்குள் நுழைந்து, மறுவாசல் இல்லாததால், அவர் போகும்வரை நாற்றத்தில் நின்றேன். அப்படியே இடது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டேன். பிராசஸரின் மேல் பொறித்திருந்த எண்ணைப் பேனாவால் அதில் எழுதியிருந்தேன். கடையில் மாற்றிவிட்டால் கண்டுபிடிக்க.

அங்கிருந்து டவுன்ஹால் ரோடு இரண்டு கிலோமீட்டர் சொச்சம். நடந்தேன். ஆட்டோவில் போனால் எந்தக் கடை என்று கேட்பார்கள். அவர்கள் சொல்லும் கடையில் இறக்கிவிட்டுக் கமிஷன் வாங்கிக்கொள்வார்கள்.

முதல் கடை கண்ணாடிக் கதவும் குளிர் காற்றுமாக இருந்தது. டை கட்டியிருந்த விற்பனையாளர், இரண்டாயிரத்து முந்நூறுக்கு ஒரு போர்டை எடுத்துப் போட்டார்.

"எல்லா பிராசஸரும் இதுல ஓடும்ணே. கண்ண மூடிட்டு வாங்கலாம்."

கண்ணை மூடச் சொன்னதால் நன்றாகத் திறந்து பார்த்தேன். மதர்போர்டில் குட்டி டப்பாக்கள் போல வரிசையாக நிற்பவை கெப்பாசிட்டர்கள். அந்த வருடங்களில் விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் அவற்றின் தலை உப்பி, வெடித்து, கூடவே மற்றதையும் கொண்டுபோனதைச் சென்னையில் பார்த்திருக்கிறேன். விரலால் தடவினேன். மூன்றாவதின் தலை தட்டையாக இல்லை.

"இது உப்பியிருக்கே?"

"அது டிசைன்ணே."

"பக்கத்துல இருக்குறதுக்கு மட்டும் டிசைன் இல்லையா?"

"வாங்குறதுன்னா வாங்குங்க. டெஸ்டிங் வாரண்டி உண்டு."

டெஸ்டிங் வாரண்டி என்பது எங்கள் ஊர்க் கம்ப்யூட்டர் கடைகளின் வழக்கம். கடை மேசையில் வைத்து ஓட்டிக் காட்டுவார்கள். ஓடுவதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். படி இறங்கிவிட்டால் அவர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நானும் படி இறங்கிவிட்டேன், போர்டு இல்லாமல்.

இரண்டாவது கடை ஒரு சேலைக் கடைக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில். ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்க முடியாத படிக்கட்டு. அண்ணன் தம்பி இருவர். அண்ணன் பெயர் குபேந்திரன், நெற்றியில் நாமம். சௌராஷ்டிரக் குடும்பம். என்னிடம் தமிழில் பேசினார்கள், தங்களுக்குள் வீட்டு மொழியில் பேசிக்கொண்டார்கள். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. புரியாத பேச்சு எல்லாம் என்னைப் பற்றியதாகவே எனக்குக் கேட்கும்.

"என்ன பிராசஸர் வச்சிருக்கீங்க?"

"நானூத்தி எழுபத்தெட்டுக் கால்."

"அது சரி. ஸ்பீடு?"

"சாதாரணம்தான்." மூன்று ஜிகாஹெர்ட்ஸ் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களுக்குக் கை துறுதுறுக்கும் என்று நினைத்தேன். "விலை கம்மியா ஒண்ணு காட்டுங்க."

தம்பி இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய்ப் போர்டு ஒன்றைப் பிரித்தார். கெப்பாசிட்டர்கள் ஒழுங்காக இருந்தன. கடையின் சொந்தப் பிராசஸரைச் செருகி ஓட்டிக் காட்டினார். ஓடியது. வாங்கிவிடலாம் என்று பணத்தை எடுக்கப் போனவன் நின்றேன். அவர்கள் பிராசஸர் ஓடியதைப் பார்த்தேனே தவிர என்னுடையது ஓடுவதைப் பார்க்கவில்லை. டெஸ்டிங் வாரண்டியில் பார்க்காதது எல்லாம் என் தலையில்தான் விழும். அப்படியானால் சோப்பு டப்பாவை வெளியே எடுக்க வேண்டும். முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்க வேண்டும்.

சட்டைப் பொத்தானைக் கழற்றினேன்.

"என்னண்ணே, வேர்க்குதா? ஃபேன் போடவா?" என்றார் தம்பி. டப்பா வெளியே வந்ததும் சிரித்துவிட்டார். "நகையா?"

"அதவிட மேல. என் கண்ணு முன்னால மாட்டுங்க."

அவர் மேசையை நோக்கித் திரும்பினார். வெள்ளைப் பசையைத் தடவி, மேலே விசிறியை அழுத்திப் பூட்டும்வரை அவருடைய முதுகுதான் எனக்குத் தெரிந்தது. சுவிட்ச் போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. 2300.

மூவாயிரத்துச் சொச்சம் வரவேண்டிய இடத்தில் இரண்டாயிரத்து முந்நூறு.

"மாத்திட்டீங்க" என்றேன்.

"என்னது?"

"என் பிராசஸர மாத்திட்டீங்க. திருட்டுப் பயலுகளா, கல்யாண்ல விட்ட மாதிரி இங்கயும் விட்டுட்டுப் போவேன்னு நெனச்சீங்களா?"

"எந்தக் கல்யாணத்துல?" என்றார் குபேந்திரன், நிஜமாகவே குழம்பி.

"கல்யாண் ஸ்டேஷன்யா!"

கீழே சேலைக் கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். உள்ளங்கையை விரித்தேன். வேர்வையில் எண் நீலத் திட்டாகிக் கிடந்தது. அந்த நேரத்தில் மூன்று பேர் மேல் சந்தேகப்பட்டேன். இந்த அண்ணன் தம்பி இருவர். மூன்றாவது, மூன்று ஜிகாஹெர்ட்ஸ் என்று சொல்லி மட்டமானதைக் கொடுத்துவிட்டுப் போன சிங்கப்பூர்க்காரன். அவன்தான் என்றாலும் மச்சான் அதை நம்பப்போவதில்லை. கொண்டுபோனவன் நான்.

தம்பி கோபமாக வீட்டு மொழியில் ஏதோ சொன்னார். குபேந்திரன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"அண்ணே, உங்க பிராசஸர் எம்புட்டு ஸ்பீடு? இப்பவாச்சும் சொல்லுங்க."

"மூணு."

"மூணா! அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? சாதாரணம்னு சொன்னீங்க, நாங்க சாதாரணப் போர்டு காட்டினோம். இதுல டேட்டா போற வழியோட வேகம் நானூறுதான். உங்களுக்கு ஐநூத்தி முப்பத்திமூணு வேணும். ஓடும், ஆனா நொண்டும். அதான் ரெண்டாயிரத்து முந்நூறு காட்டுது."

மேசையில் மரப்பலகை ஒன்றில் ஒரு போர்டைத் திருகி வைத்திருந்தார்கள். மேலே மூடி இல்லை, பெட்டி இல்லை. அதில்தான் கடைக்கு வரும் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். இந்த முறை என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து, என் பிராசஸரை அதில் மாட்டினார்.

3066.

"இப்ப யாரு மாத்தி வச்சா? நாங்களே திருப்பி மாத்திட்டோமா?" என்றார் தம்பி.

"மன்னிச்சிருங்க தம்பி."

"மூணு ஓடுற புதுப் போர்டு நாலாயிரத்து தொள்ளாயிரம்" என்றார் குபேந்திரன். என்னிடம் அது இல்லை. நொண்டும் போர்டை வாங்கிக்கொண்டு போகலாம். அக்கா வீட்டுக்காரருக்கு 2300 என்று திரையில் தெரியும். மாற்றிவிட்டாயா என்று நான் மதுரையில் கேட்டதைத்தான் அவரும் கேட்பார்.

பலகைப் போர்டைப் பார்த்தேன். விற்கிற சரக்கை எப்படி வேண்டுமானாலும் கொடுக்கலாம். மற்றதைச் சோதிக்க வைத்திருப்பதில் எவனும் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள மாட்டான்.

"அதக் குடுங்க."

"அது விக்கிறதுக்கு இல்லண்ணே. கடை வேலைக்கு வச்சிருக்கோம்."

"அதனாலதான் கேக்குறேன்."

அண்ணனும் தம்பியும் வெகுநேரம் வீட்டு மொழியில் பேசினார்கள். தம்பி என்னைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் குபேந்திரன் சிரித்தார். "எங்க சரக்க நம்ப மாட்டேங்குறீங்க, எங்க மேசைய நம்புறீங்க. மூவாயிரத்து அறுநூறு குடுங்க. டெஸ்டிங் வாரண்டிதான்."

"அதான் பாத்துட்டேனே."

அதற்குச் சொந்தப் பெட்டி எப்போதோ தொலைந்திருந்தது. குபேந்திரன் கீழேயிருந்து சுங்கடிச் சேலைப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து, செய்தித்தாளில் சுற்றிப் போர்டை உள்ளே வைத்துக் கட்டிக் கொடுத்தார். பிராசஸர் சோப்பு டப்பாவோடு திரும்பவும் என் பனியனுக்குள் போனது. படியிறங்கும்போது, "கல்யாணத்துக்குப் போறப்ப பத்திரம்ணே" என்றார் தம்பி. கீழே டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு, திரும்பவும் ஆரப்பாளையத்துக்கு நடந்தேன்.

சாயங்காலம் மச்சான் பெட்டியைப் பார்த்தார். "போர்டு வாங்கச் சொன்னா சேலை வாங்கிட்டு வந்திருக்க?" மாட்டினோம். 3066 வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் ஓடவிட்ட கல்யாண வீடியோ, நாங்கள் ராத்திரி சாப்பிட்டு எழுவதற்குள் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. மச்சான் என் முதுகில் தட்டினார். பிறகு போர்டைக் குனிந்து பார்த்தார். திருகு ஓட்டைகளைச் சுற்றிக் கீறல்கள் இருந்தன.

"பழசா இது?"

"கடையில டெஸ்ட் பண்ண வச்சிருந்தது மச்சான்."

"ஓ" என்றார். மீதிப் பணத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அக்கா காப்பியோடு வந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன்டா, நெசமாவே மூவாயிரத்து அறுநூறா?"

"ஆமாக்கா."

"இல்ல, டப்பா இல்லாத போர்டு ரெண்டாயிரத்துக்கே கெடைக்கும்னு அவருக்கு யாரோ சொன்னாகளாம். சந்தேகமெல்லாம் இல்ல. சும்மா கேக்கச் சொன்னாரு."

கடைக்கு வழி சொன்னேன். டவுன்ஹால் ரோடு, சேலைக் கடைக்குப் பக்கத்துச் சந்து, மாடி. குபேந்திரன் என்று கேட்டால் போதும், சத்தம் போட்ட ஆள் என்று சொன்னால் உடனே ஞாபகம் வரும். மச்சான் போவார் என்று எனக்குத் தெரியும். அவர் இடத்தில் இருந்தால் நானும் போவேன். மதுரையில் திருடன் என்று நான் கத்தியபோது, அந்த மனிதரால் ஒரு மேசையில் வைத்து ஓட்டிக் காட்ட முடிந்தது. அக்கா வீட்டில் அப்படி ஒரு மேசை எங்கே இருக்கிறது?

கம்பத்துக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எட்டரை மணிக்கு பஸ். கூடத்தின் நடுவில் பையை வைத்து வாயை அகலத் திறந்தேன். சட்டைகளையும் கைலியையும் ஒவ்வொன்றாக உதறி, மடித்து, அக்காவுக்குத் தெரியும்படி உள்ளே வைத்தேன். பாதியில் நிறுத்தச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கதவோரம் நின்று கடைசித் துண்டுவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.