குலுங்காமல் நூறு கிலோமீட்டர்

காலை 6.50. ஈரோடு பஸ் நிலையத்தில் கோவை வண்டியில் ஏறியபோது என் கையில் ஓர் ஐஸ் பெட்டி. உள்ளே இரண்டு குழாய்களில் அண்ணனின் ரத்தம். அவர் தொடைச் சதைக்குள் வளர்ந்த புற்றுநோய்க் கட்டியை ஈரோடு ஆஸ்பத்திரியில் பதினோரு மணிக்கு அறுத்தெடுக்கப் போகிறார்கள். அதற்கு முன்பு எடுத்த ரத்தம். கெட்டுப்போனால் மறுபடி கிடைக்காது. கொண்டுபோக வேண்டிய ஆள் வராததால் நானே வாங்கிக்கொண்டேன்.

ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் நுண்துணுக்குகள் மிதக்குமாம். செல்லுக்குள் சில புரதங்கள் உருவாகாமல் தடுப்பவை அவை. கட்டி வளர்ந்தால் அவற்றின் அளவு மாறுமாம். கோவை ஆய்வகத்தில் அதைப் பார்த்து அண்ணன் பிழைப்பாரா என்று சொல்லிவிடுவார்கள் என நானாகவே நம்பிக்கொண்டேன். ரத்தம் குலுங்கக் கூடாது, சிவப்பணுக்கள் உடைந்தால் எல்லாம் வீண் என்று மட்டும் எச்சரித்திருந்தார்கள்.

எனக்கு வாய்த்ததோ பின்சக்கரத்தின் மேல் இருக்கை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் பெட்டியோடு எழுந்து நின்றேன். பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மா சிரித்தார்.

“ஏனுங்க அம்மணி, உள்ள முட்டைங்களா?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் நேராக ஓட்டுநரிடம் போனார். பெருந்துறையில் எனக்கு முன் இருக்கை கிடைத்தது.

“பள்ளத்துல எறக்காம போறனுங்க, பயப்படாதீங்க” என்றார் ஓட்டுநர்.

அதன்பின் வண்டி தண்ணீரில் போவது போலப் போனது. பனி விலகாத தென்னந்தோப்புகள் ஓசையின்றி நகர்ந்தன. அவிநாசியில் பதினைந்து ரூபாய் டீயை ஜன்னல் வழியே வாங்கிக் குடித்தேன். கருமத்தம்பட்டியின் தறிச்சத்தம் தாலாட்ட, அரைத்தூக்கத்தில் அந்தத் துணுக்குகள் அண்ணன் குரலில் ஏதோ முணுமுணுத்தன.

9.40. ஆய்வகப் பெண் குழாய்களை இயந்திரத்தில் சுழலவிட்டு எடுத்துக் காட்டினாள். மேலே தெளிந்து நின்ற நீர் வைக்கோல் நிறத்தில் இருந்தது.

“துளிகூடச் சிவக்கலைங்க. அருமையா கொண்டாந்திருக்கீங்க.”

“எங்கண்ணனுக்கு எப்படின்னு எப்பங்க சொல்லுவீங்க?”

அவள் தயங்கினாள். “இது ஆராய்ச்சிக்குங்க. ஒருத்தரோடத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. நெறையப் பேரோடது சேரோணும். பின்னால இந்த நோய் வர்றவங்களுக்கு ஆகும்.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. முகம் தெரியாத யாருக்கோவா இத்தனை பாடு? அவிநாசி சாலைக்கு வந்து நின்றபோது அண்ணனே போனில் அழைத்தார்.

“போய்ச் சேந்துட்டியா அம்மணி?”

“சேந்துட்டேண்ணா. ஆனா அது உங்களுக்கு...”

“எனக்கில்லைதான். நேத்து கையெழுத்து வாங்கறப்பவே டாக்டர் சொல்லிப்போட்டாரு. உங்கிட்டச் சொல்லியிருந்தா இவ்வளவு பதனமாக் கொண்டுபோயிருப்பியா?”

“போயிருப்பேண்ணா.”

பொய் என்று இருவருக்குமே தெரியும். அவர் சிரித்தார்.

“ஸ்ட்ரெச்சர் வந்துருச்சு. வாரேன் கண்ணு.”