ராஜம்மாளின் ஞானஸ்நானம்

மாதக் கடைசி ஞாயிறு, ஆரணியில் அமலி போகும் சபையில் சாட்சி சொல்லும் நாள். "இந்த மாசம் யாரை ஆண்டவர்கிட்ட கூட்டிகினு வந்தீங்க?" என்று போதகர் சார்லி கேட்பார். வாய் உள்ளவர்கள் எழுந்து நீட்டி முழக்குவார்கள். அமலி பன்னிரண்டு வருஷமாகத் தெருத் தெருவாகக் கைப்பிரதி கொடுத்தவள். அவள் பேச்சைக் கேட்டு வந்தவள் ஒரே ஒருத்தி, ராஜம்மாள்.

இருவரும் ஒரே வீட்டில் பட்டுத் தறிக்கு நூல் சுற்றும் வேலைக்காரிகள். புருஷன் செத்தபின் மகள் கனிமொழியை ஒற்றை ஆளாக வளர்த்தவள் ராஜம்மாள். ராட்டையைச் சுற்றிக்கொண்டேதான் ஜெபம் கற்றாள். மூன்று மாதத்தில் அமலியைவிட நன்றாக ஜெபித்தாள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"எனக்கு எப்ப அமலிக்கா ஞானஸ்நானம்?" என்று கேட்டபடியே இருந்தாள். தள்ளிப்போட்டது போதகரில்லை, அமலிதான். கிறிஸ்தவன் என்று சபைப் பதிவேட்டில் பேர் ஏறியதால் அமலியுடைய தம்பி மகனுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் போய், கைக்கு வந்த அரசு வேலையும் போயிருந்தது. கனிமொழி அப்போதுதான் அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா பேர் ஏறினால் மகளுக்கும் ஆபத்து என்று அமலி தானாகவே முடிவுகட்டினாள். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கனிமொழி தேர்வில் தேறினாள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு நாலு நாள் இருக்கையில் ராஜம்மாளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அமலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயாவ ஜல்தி கூப்புடுக்கா. கல்லறைத் தோட்டத்துல என்னையும் பொதைக்கணும்."

"நாலே நாளு பொறுத்துக்கோ ராஜம்மா. பொண்ணு வேல முடியட்டும்."

ராஜம்மாள் இரண்டு நாள்தான் பொறுத்தாள்.

பெரணமல்லூரிலிருந்து அவள் தம்பி அருணகிரி மேளத்தோடு வந்து இறங்கினான். கெட்டவனில்லை. அக்கா ஏதோ ஆசைப்பட்டாளாமே என்று கேள்விப்பட்டு, எல்லார் முன்னாலும் அமலியிடம் நேராகவே வந்தான்.

"நீங்களே சொல்லுங்கம்மா. எங்கக்கா உங்க வேதத்துல சேந்துட்டாங்களா? ஆமான்னா சொல்லுங்க, உங்க தோட்டத்துக்கே தூக்கிகினு போலாம்."

பிணத்தின் கால்மாட்டில் கனிமொழி உட்கார்ந்திருந்தாள். அமலி அவளைப் பார்த்தாள்.

"இல்லப்பா. அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல."

மேளம் முழங்கியது. ஊர்ச் சுடுகாட்டில் ராஜம்மாளை எரித்தார்கள். அமலி தெருமுனையோடு நின்றுவிட்டாள்.

ஆறு மாதம் கழித்துக் கனிமொழி லட்டு டப்பாவோடு வந்தாள்.

"பெரிம்மா, வேலைக்கு ஆர்டர் வந்துடுச்சி!"

"சரிபார்ப்புல அம்மாவப் பத்தி என்னாம்மா கேட்டாங்க?"

"அம்மாவப் பத்தியா? ஒண்ணுமே கேக்கல. என் சர்டிபிகேட்டப் பாத்தாங்க, கையெழுத்து வாங்குனாங்க, அவ்ளோதான். ஏன் பெரிம்மா?"

அமலி லட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். பாவி, பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு சார்லி வழக்கம்போலக் கேட்டார். இதுவரை அந்த நேரத்தில் வாயே திறக்காத அமலி எழுந்து நின்றாள்.

"ஒருத்தி வந்தாங்கய்யா. நான்தான் அவள வாசலோட நிக்க வெச்சி அனுப்பிட்டேன்."