காதால் படித்தவள்

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது ஐந்தாம் வகுப்பில்தான். அதற்கு முந்தைய நான்கு வகுப்புகளை எப்படித் தாண்டினாய் என்று கேட்பவர்களுக்கு அந்தக் காலத்து ஸ்ரீரங்கத்தைத் தெரியாது என்று அர்த்தம். எழுபதுகளில் எங்கள் தெருவில் விடிவதற்குள் சில வீடுகளிலாவது சந்தை தொடங்கிவிடும். நான் சொல்வது காய்கறிச் சந்தையை அல்ல. பாசுரம் தெரிந்தவர் ஓர் அடியைச் சொல்வார். எதிரே உட்கார்ந்திருக்கும் பையன்கள் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்வார்கள். இப்படியே சொல்லிச் சொல்லி எல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். புத்தகம் முன்னால் இருக்கும், ஆனால் அது மரியாதைக்கு. அதைப் பார்த்துச் சொல்கிறவனைக் கொஞ்சம் மட்டமாகத்தான் நினைப்பார்கள்.

எங்கள் வீட்டில் அப்பா சொல்லிவைப்பார். பையன்கள் போன பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்புவார். பெண் குழந்தைகளுக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது. அம்மா அதற்கு ஒரு வழி செய்தாள். என் ஒண்ணாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, அதையே எனக்குச் சந்தையாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் ஒரு வரி சொல்வாள். நான் இரண்டு முறை சொல்வேன். விவசாயியின் மாடுகள் மேட்டில் ஏறும் பாடத்தில், சரியாக மேட்டுக்கு வரும்போது பால் பொங்கிவிட்டது. அம்மா எழுந்து போய் அதை இறக்கி வைத்துவிட்டு வந்து மிச்சத்தைச் சொன்னாள். நானும் அந்த இடம் வந்தால் அவ்வளவு நேரம் நின்றுவிட்டுத்தான் மேலே போவேன். மாடு மூச்சு வாங்குவதை எவ்வளவு அழகாகக் காட்டுகிறாள் என்று ஒண்ணாம் வகுப்பு டீச்சர் மெச்சிக்கொண்டாள்.

அந்த வருஷப் பரீட்சைக்கு முன்னால் அம்மா காமாலையில் போய்விட்டாள். தம்பி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். நான் அழவில்லை. வந்தவர்கள் எல்லாரும், "கொழந்தைக்கு ஒண்ணும் தெரியலை, பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு எல்லாம் தெரிந்தது. தெரிந்தது எதுவும் உள்ளே இறங்கவில்லை, அவ்வளவுதான். வெகுநேரம் சப்பணமிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, கிள்ளினால்கூட யாருடைய காலையோ கிள்ளுவது போலிருக்குமே, அப்படித்தான் இருந்தேன். காலாக இருந்தால் உதறிக்கொண்டு எழுந்திருக்கலாம்.

ஒன்று மட்டும் மரத்துப் போகவில்லை. யார் எதைச் சொன்னாலும் நான் வாய்க்குள் இரண்டு முறை திருப்பிச் சொல்லிக்கொள்வேன். முதல் முறை என் குரலில் வரும். இரண்டாவது முறை அம்மாவின் குரலில் வரும். கணக்கு டீச்சர் வாய்ப்பாடு சொன்னாலும், வாசலில் கீரைக்காரி கூவினாலும், இரண்டாவது முறையில் அது அம்மா சொன்னதாகிவிடும். அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. கல்யாணத்தில் எடுத்தது, அதிலும் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். எனக்கு அவள் இருந்த இடம் இந்த இரண்டாவது முறைதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மந்திரிக்க அழைத்துக்கொண்டு போவார்கள்.

தம்பிக்கு மட்டும் அது கிடைத்தது. பேச வந்த நாளிலிருந்தே, "அம்மா மாதிரி சொல்லு" என்று மடியில் வந்து உட்காருவான். நான் ஏதாவது ஒரு பாடத்தை எடுத்து விடுவேன். அவன் வாயைத் திறந்தபடி கேட்பான். அவனுக்கு அம்மா என்றால் என் வாயிலிருந்து வந்த அதுதான். எங்களைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அத்தைக்கு, நான் தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பெருமை.

பள்ளிக்கூடத்தில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. அங்கேயும் டீச்சர் ஒருமுறை படிப்பார், வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொல்லும். கேட்டதைப் பிடித்துக்கொண்டால் போதும். எழுதுவது என்பது பலகையில் இருப்பதைக் கோலம் மாதிரி பார்த்து இழுப்பது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னிடம் ஏடே இல்லை, சுரைக்காய் மட்டும் இருந்தது. அதையும் நன்றாகவே விற்றுக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் வகுப்புக்கு வந்த டீச்சர் தென்னூரிலிருந்து பஸ்ஸில் வருபவர். கழுத்தில் சிலுவை போட்ட மெல்லிய சங்கிலி, கையில் சாப்பாட்டுக் கூடை. மற்ற டீச்சர்கள் மேஜையை விட்டு நகர மாட்டார்கள். இவர் பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்துகொண்டே இருப்பார். ஒருநாள் என்னை எழுப்பிப் படிக்கச் சொன்னார். அது முந்தின நாள் பக்கத்துப் பெஞ்சுக்காரி படித்த பாடம். நான் புத்தகத்தை விரித்துக்கொண்டு கணீரென்று சொன்னேன். பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பவும் செய்தேன். அந்தக் கலை எங்கள் வீட்டுச் சந்தையில் பையன்களைப் பார்த்தே படிந்தது.

டீச்சர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். மேலத்தெருப் பெண் ஒருத்தி படித்து முடித்ததைப் பாதி விலைக்கு வாங்கிய புத்தகம் அது. அவள் வீட்டுக் குழந்தை நடுவில் ஒரு தாளைக் கிழித்திருந்தது.

"இந்த எடத்துல ஒரு தாள் இல்லையேம்மா?"

"இல்ல டீச்சர்."

"இல்லாத தாள்ல இருக்கறத எப்படி வாசிச்ச?"

"வந்துடுத்து டீச்சர்."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பலகையில் ஒரு சொல்லை எழுதி, இது என்ன என்று கேட்டார். யாராவது அதைச் சொல்வார்கள் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்ததா என்றால், இல்லை. வெட்கப்படுவதற்கும் கொஞ்சம் உயிர் வேண்டும்.

மறுநாள் அப்பாவை வரச் சொன்னார்.

"உங்க பொண்ணுக்குப் படிக்கத் தெரியலைங்க."

அப்பா சிரித்தார். "அவளுக்கா? வாயத் தொறந்தா நிறுத்தவே மாட்டாளே."

"சொல்லத் தெரியுதுங்க சார். நானும் கேட்டேன், நல்லாவே சொல்லுது. ஆனா எழுத்துத் தெரியல. இப்படியே ஆறாம் வகுப்புக்கு அனுப்ப முடியாதுங்க."

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா, "எங்களுக்கெல்லாம் மொதல்ல காதாலதான் வந்தது. கண்ணு தானா பின்னாடி வந்துடுத்து" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியாது. தெரு முனையில் ஒரு கடைக்கு முன்னால் நின்று, மேலே இருந்த போர்டைக் காட்டினார். "படி."

அவர் அதைச் சொல்வதற்காகக் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இத்தனை வருஷம் தெருப் பையன்களுக்குச் சொல்லிவைத்தவர், அன்று சாப்பிடக்கூட உட்காரவில்லை.

தினமும் முதல் மணியில் ஒண்ணாம் வகுப்பில் போய் உட்காரச் சொன்னார்கள். அந்த வகுப்பில் தம்பி இருந்தான். வயதைக் கூட்டிச் சொல்லி அந்த வருஷம்தான் சேர்த்திருந்தார்கள். தரையில் அவன் பக்கத்தில், முழங்கால் இடிக்க இடிக்க நான் உட்கார்ந்தேன். அவனுக்கு ஒரே கொண்டாட்டம். என் விரலைப் பிடித்துச் சிலேட்டில் வைத்து, "அக்கா, இது 'ம'. இதுகூடவா தெரியாது?" என்று கேட்பான். வகுப்பு டீச்சரைவிட அவன்தான் கண்டிப்பு. தப்பாகச் சொன்னால் என் தொடையில் கிள்ளுவான்.

நான் முரண்டு பிடிக்கவும் இல்லை, முயற்சி செய்யவும் இல்லை. சொன்னதைச் செய்தேன். வாரக்கணக்கில் எழுத்துகள் எறும்பு வரிசை மாதிரி கிடந்தன. எனக்கு அவை வேண்டியிருக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் தம்பி சத்தமாகச் சொல்வான். நான் வாய்க்குள் இரண்டு முறை சொல்லிக்கொள்வேன். இரண்டாவது முறை அம்மா வந்து 'ம' சொல்லிவிட்டுப் போவாள். அதுவரைக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

தை மாதத்தில் அம்மாவின் திவசம் வந்தது. காய் வாங்க அப்பா என்னை காந்தி மார்க்கெட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். பஸ் காவிரிப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்க்காமல் நேராக எதிரே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே 'பெண்கள்' என்று எழுதியிருந்தது.

பெண்கள். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. யார் குரலிலும் வரவில்லை.

அதைத் திரும்ப ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். என் குரல் வந்தது. இன்னொரு முறை சொன்னேன். என் குரல்தான். கண்ணை மூடிக்கொண்டு முயன்றேன், கண்ணுக்குள்ளும் எழுத்துதான் நின்றது. மார்க்கெட்டில் இறங்கியதும் இன்னும் மோசம். சுவர், கடை, வண்டி, சாக்கு மூட்டை என்று பார்த்த இடமெல்லாம் தானாகப் படித்துக்கொண்டது. நான் குனிந்து அப்பாவின் செருப்பை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். அப்பா சேனையும் புடலங்காயும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் எனக்கு ஏதோ ஒன்று வலித்தது அப்போதுதான். அதுவும் வந்த வேகத்தில் போய்விட்டது.

திரும்பும்போது அப்பா பஸ்ஸில் இருந்த எழுத்தைக் காட்டி, "படி" என்றார். படித்தேன். இன்னொன்றைக் காட்டினார். அதையும் படித்தேன். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "உங்கம்மா இருந்து கேட்டிருக்கணும்" என்றார். நான் சரி என்றேன்.

திவசத்தன்று மத்தியானம், வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, தம்பி கிணற்றடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்றைக்கு எல்லாரும் அம்மாவைப் பற்றியே பேசியதில் அவனுக்கு ஆசை வந்திருந்தது.

"அக்கா, அம்மா மாதிரி சொல்லு."

மாட்டுப் பாடத்தை எடுத்தேன். ஒரு வார்த்தையும் மறக்கவில்லை. வரி வரியாக, அச்சடித்த வரிசையில் வந்தது. அவன் கொஞ்ச நேரம் கேட்டான்.

"இது நீ."

இன்னொரு பாடம் சொன்னேன். தலையை ஆட்டினான்.

"அம்மா சொல்லு" என்றான் மறுபடியும்.

"வரலைடா."

"ஏன்?"

அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்பது இன்னும் எனக்குத் தெரிந்திருந்தது. கேட்கத்தான் இல்லை. தெரிந்ததும் போய்விடுவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அவன் சிலேட்டை வாங்கினேன். பார்த்து எழுதுவதற்கு எதிரில் பலகை இல்லாமல், நானாக எழுதிய முதல் வரிகள் அவைதான். 'அம்மாவுக்குக் கட்டைக் குரல். கடைசி வார்த்தையை இழுப்பாள்.' இவ்வளவுக்கே சிலேட்டு நிறைந்துவிட்டது.

தம்பி அதை மடியில் வைத்துக்கொண்டு, விரலை ஓட்டி, எழுத்தெழுத்தாகக் கூட்டினான். பிறகு முதலிலிருந்து ஒரே மூச்சில் படித்தான். அவனுக்குக் கீச்சுக் குரல். கடைசி வார்த்தையை இழுக்கவில்லை.

"நிறுத்தாமப் படிச்சுட்டேன் பாத்தியா?" என்றான். உள்ளங்கையில் எச்சில் தொட்டுச் சிலேட்டைத் துடைத்து என்னிடம் நீட்டினான். "அடுத்தது எழுது."

யோசித்தேன். அம்மாவைப் பற்றி எழுத வேறு எதுவும் வரவில்லை. அவன் காத்துக்கொண்டிருந்தான். எதிரே கிணற்றுச் சுவர் மேல் வாளி இருந்தது. 'வாளி' என்று எழுதிக்கொடுத்தேன். அதையும் அதே குரலில் படித்தான்.