நீலக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், முல்லைத்தீவுப் பக்கத்து அரச அலுவலகம் ஒன்றில் படம் வரைபவளாக வேலை செய்தேன். அலுவலகம் என்று பெயர். இரண்டு தடவை இடம்பெயர்ந்து, கடைசியில் ஒரு பழைய நெல் களஞ்சியத்துக்குள் ஒதுங்கியிருந்தோம். கதிரைகள் இருந்தன, கடதாசி இல்லை. பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் அப்போது கடதாசியும் மண்ணெண்ணெய் மாதிரி அருமையான சாமான்தான்.

ஒரு வருடம் மாரி தொடங்க முன்னம், களப்போரத்து வெள்ளப் படத்தைத் திருத்த வேண்டும் என்று எங்கள் பொறியியலாளர் ஐயா சொன்னார். பழைய படம் நான் பிறப்பதற்கு முன்பு வரைந்தது. களப்பு என்கிற கடல்நீரேரிக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த மேய்ச்சல் தரவை நிலம் அதில் வெறுமையாகக் கிடந்தது. ஆளில்லாத இடத்தில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று அன்றைக்கு யார் யோசித்தார்கள்? இப்போது அந்த வெறுமைக்குள் யாழ்ப்பாணக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனம் கிடுகுக் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தது. அநேகம் பேர் அந்த இடத்தில் ஒரு பெரிய மாரியைக் கண்டதில்லை.

நானும் கூட வேலை செய்த ஒருவரும் சைக்கிளில் போய் அளந்தோம். மட்டம் பார்க்கும் கருவி எதுவும் எங்களிடம் மிஞ்சியிருக்கவில்லை. மேசன்மார் சுவருக்கு மட்டம் பிடிக்கிற, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயைத்தான் கொண்டுபோனோம். பக்கத்துக் கத்தோலிக்கக் கிராமத்து மீனவர்கள், முந்தி ஒரு புயலுக்கு வெள்ளம் தொட்ட இடம் என்று மாதா கோயிலின் இரண்டாம் படியைக் காட்டினார்கள். அந்தப் படியிலிருந்து மட்டம் பிடித்துக்கொண்டு கொட்டில் கொட்டிலாகப் போனோம்.

தண்ணீருக்கு ஆகக் கிட்ட இருந்த கொட்டிலில் ஓர் அக்கா இருந்தா. என்னைவிட நாலைந்து வயது மூப்பு இருக்கும். புருஷன் களப்பில் இறாலுக்கு வலை வீசப் போயிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். எங்களுக்குப் பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்தா. குழாயை இழுத்துக்கொண்டு நான் கொட்டிலின் பின்பக்கம் போக, அவசரமாக எழுந்து வந்தா.

"அதுக்கு மேலால போகாதேங்கோ பிள்ளை."

சிப்பிகளைச் சுற்றிவர அடுக்கிய சின்ன மண்மேடு. தலைமாட்டில் ஒரு மரச்சிலுவை.

"என்ர மகன். போன வருசம் மலேரியாக் காய்ச்சல். சேமக்காலைக்குக் கொண்டுபோகப் பாதை இல்லை, செல்லடி. கோயில் சுவாமி பிறகு வந்து செபம் சொல்லிக் குழியை மந்திரிச்சவர்" என்றா. நான் குழாயைச் சுருட்டிக்கொண்டு மற்றப் பக்கத்தால் சுற்றிப் போனேன்.

படத்தை ஒரு பழைய படத்தின் பின்பக்கத்தில் வரைந்தேன். வெள்ளம் வரக்கூடிய எல்லைக்கு நீலக் கோடு போட்டு, அதற்குள் நீலம் தீட்டினேன். வவுனியாவிலிருந்து யாரோ மறைத்துக் கொண்டுவந்து தந்த ஒற்றை நீலப் பென்சில் அது. மாதா கோயில் மண்டபச் சுவரில் படத்தைக் குத்திவிட்டு ஐயா சனத்துக்கு விளங்கப்படுத்தினார். நீலத்துக்குள் இருப்பவர்கள் மாரிக்கு முன்னமே பள்ளிக்கூடத்தடி மேட்டுக்குக் கொட்டிலை மாற்றுங்கோ என்றார்.

அந்த அக்கா படத்துக்குக் கிட்ட வந்தா. "எங்கட வீடு எதில பிள்ளை?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"அப்ப அவன்?"

"அவனும் நீலத்துக்குள்ளதான் அக்கா."

என் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்தா. பிறகு ஐயாவிடம் திரும்பினா. "தண்ணி வந்தால் பிள்ளையளோட ஏறிடுவம் ஐயா. அதுக்கு முதல் கொட்டிலைப் பிடுங்கச் சொல்லாதேங்கோ. அவனைத் தனிய விட்டிட்டு வர ஏலாது."

ஐயா வற்புறுத்தவில்லை.

கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. சண்டையால் கடல்பக்கம் போய், களப்புத் தண்ணீர் கடலுக்கு வடிய முகத்துவாரத்து மணலை வெட்டிவிட எவராலும் முடியவில்லை. களப்பு பொங்கியது. சனம் பகல் வெளிச்சத்தோடேயே சட்டி பானை, கோழி, பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டது. அக்கா குடும்பமும் சொன்னபடி ஏறியது. வெள்ளம் கிட்டத்தட்ட எங்கள் கோட்டோடு வந்து நின்றது. ஓரிடத்தில் மட்டும் தாண்டியது. ஒரு உயிரும் போகவில்லை. ஐயா என் தோளில் தட்டினார். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

தண்ணீர் வடிந்த பிறகு, எதுவரை ஏறியது என்று குறிக்கப் போனோம். அக்காவின் கொட்டில் நின்ற இடத்தில் ஈர மணல்தான் இருந்தது. கொட்டிலடிக் கிணறு தூர்ந்து போயிருந்தது. மேடு இல்லை, சிலுவை இல்லை, ஒரு சிப்பிகூட இல்லை. அக்கா அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தா. என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தா.

"நீங்கள் அளந்தனீங்கள்தானே பிள்ளை. அவன் எங்க எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

நாங்கள் அளந்தது கொட்டிலையும் கிணற்றையும்தான். புதைகுழியைப் படத்தில் குறிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அதை எப்படிச் சொல்வது? படத்தை மணலில் விரித்தோம். கிணற்றின் விளிம்பைக் கிண்டிப் பிடித்து, அதிலிருந்து நாடா பிடித்துக் கொட்டிலின் பின்மூலையைக் கண்டுபிடித்தோம். அதற்கப்பால் அக்காவின் நினைவு மட்டும்தான். "கதவால வெளிக்கிட்டு வலப்பக்கம்... இல்லை, இன்னும் கொஞ்சம்" என்று நடந்து காட்டினா. கூட வந்தவர் அவ்விடத்தில் ஒரு தடி நட்டார்.

"சரியா இதுதான் எண்டு சொல்ல ஏலாது அக்கா" என்றேன்.

"கிட்டவெண்டால் போதும்."

குந்தியிருந்து உள்ளங்கையால் மணலைத் தடவித் தடவிச் சமப்படுத்தினா, காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகைத் தடவுகிற மாதிரி. புருஷன் தூரத்தில் களப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கிட்டவே வரவில்லை.

அடுத்த வருடம் அவர்களுக்குத் தர்மபுரத்தில் காணி கிடைத்தது. ஒருநாள் அலுவலாக அந்தப் பக்கம் போனபோது, சந்தையடியில் மரவள்ளிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த அக்காவைக் கண்டேன். கறுத்து மெலிந்திருந்தா. மூத்தவள் நல்லாப் படிக்கிறாள் என்றா. வலையை விட்டு மண்வெட்டி பிடிக்கப் பழகியாச்சு என்றா. வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, என் பைக்குள் கிழங்கை வைத்தா. பிறகு கேட்டா.

"அங்க இப்ப ஆர் பிள்ளை இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. அந்த வெள்ளத்தை வைச்சுப் படத்தைத் திரும்பத் திருத்தினனாங்கள். இனி அதில ஆக்களைக் குடியிருத்துறேல்லை எண்டு முடிவு."

"அது நல்லதுதான்" என்றா. தராசுத் தட்டிலிருந்த மண்ணைத் துடைத்தா.

"அப்ப அவனுக்குப் பக்கத்தில ஒரு சனமும் இல்லை" என்றா.

யாரோ கிழங்குக்கு விலை கேட்டார்கள். அக்கா அவர்கள் பக்கம் திரும்பினா.