மாலை போடாத படம்

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு படங்கள் மாட்டியிருக்கின்றன. ஒன்று என் வீட்டுக்காரருடையது. கார்ப்பரேஷனில் வேலை பார்த்துக் காலமானவர். அவர் படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை போட்டு, கண்ணாடியில் பொட்டு வைத்திருக்கிறோம். பக்கத்தில் இருப்பது என் மகன். அவனுக்கு மாலை கிடையாது. ஒன்பது வருஷத்துக்கு முன் சோற்றில் கை வைத்தவன் ஏதோ பேச்சில் கோபித்துக்கொண்டு எழுந்து போனான், இன்னும் வரவில்லை. செத்துப்போனான் என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை. கொழுந்தனார் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், திதி கொடுத்துவிட்டால் வீட்டுக்கு நல்லது என்று. நான் பதில் பேசவில்லை. யாருக்கும் பதில் பேசிப் பழக்கமில்லை எனக்கு. ஆனால் மாலை மட்டும் போடவில்லை. என் ஆயுசில் நான் பிடிவாதமாக இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அப்படி இருக்கும்போதுதான் சீரியல்காரர்கள் பெங்களூரில் நாங்கள் இருக்கிற ஸ்ரீராம்புரத்துக்கு வீடு தேடி வந்தார்கள். கன்னட சீரியல். அதில் ஒரு எபிசோடு முழுக்க, மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் தன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள், அவ்வளவுதான் கதை. செட் போட்டால் நிஜமாக இருக்காது, ஆள் குடியிருக்கிற வீடுதான் வேண்டும் என்று டைரக்டர் சொன்னாராம். என் மகள் கார்மெண்ட்ஸில் தைக்கப் போகிறவள். அவள்தான் பேசிக் கையெழுத்துப் போட்டாள். மூன்று நாள்தானேம்மா, நீ பாட்டுக்கு உள்ளே உட்கார்ந்திரு என்றாள்.

முதல் நாள் காலையில் டிவி, பீரோ, பாய் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார்கள். என்னைச் சமையலறையில் உட்கார வைத்து, ஷாட் ஓடும்போது குக்கர் வைக்கக் கூடாது, இருமக்கூடக் கூடாது என்றார்கள். ஃபேனையும் நிறுத்திவிட்டார்கள்.

செத்துப்போன மகன் என்று காட்ட அவர்களே ஒரு பையனின் படம் கொண்டுவந்திருந்தார்கள். புது ஃபிரேம், பளபளவென்று இருந்தது. டைரக்டர் அதைப் பார்த்தார், பிறகு எங்கள் சுவரைப் பார்த்தார். என் மகன் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, இதை உபயோகப்படுத்திக்கொள்ளலாமா அம்மா என்று கன்னடத்தில் மரியாதையாகத்தான் கேட்டார். நான் தலையாட்டினேன். சுவரில் இருக்கிற மாதிரியே எங்கேயாவது ஓரமாகத் தெரியும் என்று நினைத்தேன். அத்தனை பேர் நின்று பார்க்கும்போது எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சாமான்கள் வைக்கிற ஆர்ட் ஆள் நம்ம தமிழ்க்காரர், நரைத்த தலை. அவர் படத்தை ஈரத்துணியால் துடைத்து ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்தார். பையிலிருந்து சாமந்தி மாலையை எடுத்துப் போட்டார். சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, முன்னால் விளக்கேற்றினார். நான் எழுந்து வாயைத் திறந்தேன். அதே நேரம் வாசலில் ஒருவர் சைலன்ஸ் என்றார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானும் நின்றேன்.

அம்மாவாக நடித்தவர் பேர் வாங்கிய நடிகை. என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். படத்துக்கு முன்னால் உட்கார்ந்து மூன்று தடவை அழுதார். மூன்று தடவையும் டைரக்டருக்குத் திருப்தி இல்லை. நான் சமையலறையில் முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் வரக் கூடாதே. எனக்குத் தெரியாமலே உடம்பு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. டைரக்டர் தண்ணீர் குடிக்க வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். நடிகையைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாள் கிட்டே வந்து, ரவிக்கைக்கு அளவெடுக்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் அதேபோல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஆடினார். முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். கதையைப் பார்த்து நான் அழுததாக நினைத்துக்கொண்டார்கள். நடிகை என் கையைப் பிடித்து, உங்களால்தான் வந்தது என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

மறுநாள் காலை, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் எழுந்து மாலையைக் கழற்றிப் பொட்டை அழித்தேன். அந்தக் கொஞ்ச நேரம் நெஞ்சு லேசாக இருந்தது. ஏழு மணிக்கு ஆர்ட் ஆள் வந்தார். முந்தின நாள் எப்படி இருந்தது என்று செல்போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். அதைப் பார்த்துப் பார்த்து அதே இடத்தில் பொட்டு வைத்து, கீழே உதிர்ந்திருந்த இரண்டு இதழைக்கூட அதே மாதிரி போட்டார்.

"ஆயா, இதுல கை வெக்காதீங்க. கன்டினியூட்டி போயிடும். நேத்து இருந்தது இன்னிக்கும் இருக்கணும்."

அவரிடம் சொல்லியிருக்கலாம். நம்ம பாஷைக்காரர், கேட்டால் புரிந்துகொண்டிருப்பார். நான் சொன்னது என்னவென்றால், "காப்பி குடிக்கிறியாப்பா?"

மகள் இரண்டு நாளாக இருட்டியபின்தான் வந்தாள், சாமான்களை எடுத்து வைக்கிற அலுப்பில் எதையும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் லீவு போட்டு வீட்டில் நின்றபோதுதான் மாலையைப் பார்த்தாள்.

"ஏம்மா, போடும்போதே ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா? வாய இன்னாத்துக்கு வெச்சுக்கினு இருக்கிற?"

அவளே போய் டைரக்டரிடம் சொன்னாள். அவர் நல்ல மனுஷர், முகம் சுண்டிப்போய்விட்டது. ஆனால் முக்கியமானதெல்லாம் எடுத்தாகிவிட்டது, நடிகை சாயங்காலம் வேறு ஷூட்டிங்குக்குப் போகிறார். கம்ப்யூட்டரில் முகத்தை மாற்ற முடியுமா என்று பார்க்கிறேன் என்றார்.

டிவியில் வந்தபோது பார்த்தோம். மாற்றவில்லை. மாலையோடு அவன் முகம் டிவி நிறைய வந்து நின்றது. ஒன்பது வருஷத்தில் அவனை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை.

அந்த எபிசோடுக்கு அப்படி ஒரு பேர் வந்தது. முந்தானைக் காட்சியை மட்டும் வெட்டி எல்லாரும் செல்போனில் அனுப்பிக்கொண்டார்கள். மகள் வேலை செய்கிற இடத்தில் பார்த்தார்கள், காய்கறிக்காரம்மா பார்த்தாள். கொழுந்தனார் போன் செய்தார்.

"இப்பவாவது மனசு வந்துச்சே அண்ணி. நல்ல காரியம் பண்ணீங்க."

நான் "ம்" என்றேன்.

ஊரெல்லாம் பார்க்கிறது என்றால் அவனும் பார்ப்பான்தானே. எங்கேயோ ஒரு டீக்கடையில், பக்கத்தில் இருக்கிறவன் செல்போனில். அவன் முகம் அவனுக்குத் தெரியாதா? பின்னால் இருக்கிற எங்கள் வீட்டுப் பச்சைச் சுவர் தெரியாதா? அம்மா நமக்குக் காரியம் முடித்துவிட்டாள் என்றுதானே நினைப்பான். திரும்பி வரலாம் என்று ஒரு நாள் நினைத்திருந்தாலும் இனி எப்படி வருவான்? அது நடிப்பு என்று அவனிடம் சொல்ல யார் இருக்கிறார்கள்?

எபிசோடுக்கு விருது கிடைத்தது. அதை என்னிடம் காட்ட வேண்டும் என்று டைரக்டர் சால்வையோடு வந்தார். பேப்பரிலிருந்தும் ஆள் வந்திருந்தது. காலையில் வேலைக்குப் போகுமுன் மகள் எனக்கு ஒரே ஒரு வரி சொல்லிக்கொடுத்திருந்தாள், என் மகன் உயிரோடு இருக்கிறான் என்று பேப்பரில் போடுங்கள் என்று. அவளுக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. சால்வை போர்த்தி, டைரக்டர் குனிந்து, "ஏனம்மா?" என்று கேட்டார், கன்னடத்தில் என்னம்மா என்று. ஏதோ சொல்ல வருகிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. வீடு நிறைய ஆட்கள், எல்லார் கையிலும் செல்போன். சால்வை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

ஷூட்டிங் முடிந்ததுமே மாலையைக் கழற்றி அவன் படத்தைப் பழையபடி சுவரில் மாட்டியிருந்தேன். என்னை இரண்டு படங்களுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. மெதுவாக ஒரு அடி தள்ளி நின்றேன். மாலை இல்லாமல் அவன் படம் பேப்பரில் வரட்டும், அவன் பார்க்கட்டும் என்று.

படம் எடுக்கிறவர், "ஆயா, ஓரமா போறீங்களே, நடுவுல வாங்க" என்று தோளைப் பிடித்து நகர்த்தினார்.

பேப்பரில் என் வீட்டுக்காரர் மாலையோடு நன்றாகத் தெரிகிறார். இன்னொரு படத்தை என் தலை மறைத்துக்கொண்டிருக்கிறது. தோளுக்கு மேலே ஃபிரேமின் ஒரு மூலை மட்டும் தெரிகிறது.