ஒரே சிலுவையில் இரண்டு பெயர்

புயல் ஓய்ந்த மூன்றாம் நாள் முல்லைத்தீவுக் கரையில் அடித்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. செத்த மீனும் கரையொதுங்கி அழுகிய "சாதாழை"ப் பாசியும் சேர்ந்த நாற்றம். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவும் பிலிப்பு மாமாவும் ஒரே வல்லத்தில் கடலுக்குப் போனவர்கள், திரும்பி வரவில்லை. அம்மாவும் பிலிப்பு மாமாவின் பெண்சாதி ரோசலி மாமியும் மூன்று நாளாய்ச் சோறு தண்ணி இல்லாமல், கடலைப் பார்த்தபடி கரையில் கிடந்தார்கள். யாராவது வாய் தவறிச் "செத்துப்போச்சினம்" என்றால் போதும், மாமி மண்ணை அள்ளி எறிவார். "இன்னும் கரைக்கு வரேல்லை" என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று காலை கடல் ஓர் உடலைக் கொண்டுவந்து போட்டது. ஒன்றே ஒன்று. முகம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. இடுப்பில் பச்சைக் கட்டம் போட்ட சாரம். கோயில் பெருநாளுக்கென்று தண்ணீரூற்று ஊரிலிருந்து துணி விற்க வருகிற முஸ்லிம் காக்காவிடம் சிநேகிதர் இரண்டுபேரும் ஒரே மாதிரி வாங்கிய "சோடிச் சாரம்" அது. "வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ பிள்ளையள், ஆற்ர ஆள்?" என்று ஊர் அதிகாரியான விதானையார் கேட்டார்.

நான் பார்த்தேன். சாரத்தின் ஓரத்தில், என் பழைய சட்டைத் துணியில் அம்மா போட்ட ஒட்டு, மஞ்சள் பூவோடு அப்படியே இருந்தது. "அம்மா, அது..." என்று நான் வாயெடுக்க, எலும்பு நொறுங்குகிற மாதிரி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இல்லை, இது எங்கட ஆள் இல்லை" என்றார் அம்மா. மாமியும் குனிந்து பார்த்துவிட்டு, "என்ர ஆளும் இல்லை" என்றார்.

ஊர் பேர் தெரியாத பிணமென்று சேமக்காலையில், கடற்கரைப் பக்கமாய்ப் புதைத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரம்! பெற்ற அப்பாவை யாரோ என்று சொன்ன அம்மாவோடு எத்தனையோ நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவரோ ஒவ்வொரு நாளும் அப்பாவின் கோப்பையில் சோறு போட்டு மூடி வைத்தார். இறந்தவருக்கான பூசையும் இல்லை, கறுப்புச் சீலையும் இல்லை.

அடுத்த வருடம், இறந்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. பின்னேரம் சேமக்காலை முழுக்க மெழுகுதிரி எரிவதைப் பார்த்த அம்மாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அந்தப் பேரில்லாத மேட்டில் விழுந்து, "ஐயோ என்ர ராசா, உங்களை ஆரெண்டு தெரியாதெண்டு சொல்லிப்போட்டனே" என்று குழறி அழுதார். நிமிர்ந்தபோது பின்னால் மாமி நின்றார்.

"ரோசலி, இது என்ர ஆள். அண்டைக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

"தெரியும் அக்கா. அந்த ஒட்டை நானும் பாத்தனான்" என்றார் மாமி. "ஒரே வல்லம். உங்கட ஆள் போனா என்ர ஆளும் போனதுதானே. நீங்கள் இல்லையெண்ட அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கொண்டுதான் இவ்வளவு நாளும் கிடந்தனான். இப்ப ஏன் அக்கா சொல்லுறியள்?"

மாமி அன்றுதான் முதன்முதலாய் அழுதார். விழுந்து அழ அவருக்கென்று ஒரு மேடுகூட இல்லை. அந்தக் கிழமையே அம்மா, வல்லம் செய்கிற ஓடாவியாரிடம் போய் ஒரு சிலுவை செய்வித்து, அதில் அப்பாவின் பெயரையும் கீழே பிலிப்பு மாமாவின் பெயரையும் எழுதுவித்தார். பங்குச் சுவாமியார் கேட்டதற்கு, "ஒண்டாப் போனவை, ஒண்டாக் கிடக்கட்டும் சுவாமி" என்றார். மாமி வந்தால் முதல் திரி அப்பாவுக்குத்தான். "இடம் தந்தவர் அவரெல்லே" என்பார்.

இப்போது அம்மாவும் இல்லை, மாமியும் இல்லை. சேமக்காலையின் கடற்கரைப் பக்கத்தைப் பிறகு வந்த சுனாமிப் பேரலை வழித்துக்கொண்டு போய்விட்டது. சண்டை முடிந்து ஊர் திரும்பி, மெழுகுதிரியோடு போய் நின்றேன். மேடும் இல்லை, சிலுவையும் இல்லை. அப்பாவுக்கு எங்கே கொளுத்துவேன்? மாமிக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவின் கையைத் தட்டிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று அதுவரை என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அன்றோடு விட்டுவிட்டேன். ஒரு வருடமாவது ரோசலி மாமிக்கு மாமா உயிரோடு இருந்தார்.