இரண்டு பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தேன்

மாரியம்மனை நம்பும் சொந்தங்களே, நான் லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை. போடியில் ஏலக்காய் தரம் பார்ப்பது என் வேலை. மூட்டையின் மேலே எவ்வளவு பச்சையாக இருந்தாலும், அடிவரை கைவிட்டுப் பார்த்துத்தான் தலையாட்டுவேன்.

போன ஆடியில் என் வீட்டுக்காரர் மூச்சுத் திணறிச் சாய்ந்தார். சர்க்கரையால் ஏற்கெனவே கிட்னி பழுதானவர். மலைத் தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறக்கி, மதுரையில் ஐசியூவில் சேர்த்தோம். இதயம் அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் கூடியிருக்கிறது, மாரடைப்பாக இருக்கலாம், ஆஞ்சியோ பார்க்கணும் என்றார் ஒரு டாக்டர். அதற்கு ஏற்றும் மருந்தால் மிச்சமிருக்கும் கிட்னியும் போகலாமாம். கையெழுத்துக் கேட்டார்கள்.

கிட்னி டாக்டரம்மா வேறு மாதிரி சொன்னார். "கிட்னி கெட்டவங்களுக்கு மாரடைப்பு இல்லாமலே இந்த அளவு கூடி நிக்கும்மா. ஈசிஜியில ஒண்ணும் தெளிவா இல்ல. மூணு மணி நேரம் கழிச்சு மறுபடி எடுப்போம். ஏறிக்கிட்டே போனா இதயம். அப்படியே நின்னா பெரும்பாலும் கிட்னிதான்."

இருவர் மேலும் எனக்குச் சந்தேகம். அவர் ஆஞ்சியோவுக்கு ஆள் பிடிக்கிறாரோ? இந்தம்மா டயாலிசிஸுக்கோ? அதற்குள் இதயம் நின்றுவிட்டால்?

பக்கத்து அம்மன் கோயிலில் என் நாத்தனார் செல்வி, வெள்ளைப் பூ ஒன்றிலும் சிவப்புப் பூ ஒன்றிலுமாக இரண்டு பொட்டலம் கட்டி, அம்மன் முன் பூக்கட்டி வைத்தாள். வெள்ளை வந்தால் பொறுப்பது, சிவப்பு வந்தால் கையெழுத்து. ஒரு பொட்டலத்தை எடுத்தேன். வெள்ளை. என் கை சும்மா இருக்குமா? மற்றதையும் பிரித்தேன். அதுவும் வெள்ளை!

"ஏண்டி, ஆத்தாகிட்டயே பித்தலாட்டமா?"

"கோவிச்சுக்காதீங்க மதினி. நீங்க பயந்து கையெழுத்துப் போட்டு, அண்ணன் கிட்னி போயிருமோன்னுதான்..." அழுதாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "தாயே, எனக்கு நம்பத் தெரியல. பூவும் வேணாம். அந்த மனுசனக் காப்பாத்து, எனக்குப் புத்தியக் கொடு" என்று கதறினேன். அழுகை அடங்கியபோது ஒன்று உறைத்தது. ஒரு கைப்பிடியை வைத்து மூட்டைக்கே தரம் சொல்ல நான் ஒப்புவேனா?

வெரசாகக் கிட்னி டாக்டரம்மாவிடம் ஓடினேன். "மறுபடி எடுங்க டாக்டர். நான் பக்கத்துல நிப்பேன். ரெண்டு ரிசல்ட்டும் என் கையில கொடுங்க."

"நில்லுங்கம்மா" என்று சிரித்தார்.

மூன்று மணி நேரமும் மானிட்டரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. இரண்டாவது ரிசல்ட்டில் அளவு ஏறவேயில்லை. எக்கோவிலும் இதயம் நன்றாக இருந்தது. முதல் டாக்டரே வந்து, மாரடைப்பு இல்லை என்றார். டயாலிசிஸில் நுரையீரலில் கோத்திருந்த நீர் இறங்கியது, மூச்சு வந்தது. நாலாம் நாள், "கஞ்சி கொண்டா" என்று அதட்டினார். அந்த அதட்டலுக்கு அழுதேன்.

டயாலிசிஸ் தொடர்கிறது. செல்வியோடு பேசுகிறேன். சந்தேகம் வந்தால் உள்ளுக்குள் புழுங்குவதில்லை. ஆத்தாவிடம் சொல்லிவிட்டு, ஆளிடம் நேரே கேட்கிறேன். என்னைப் போன்றவர்களே, நீங்களும் சந்தேகத்தோடேயே அவளிடம் போங்கள். அவள் கோவிக்க மாட்டாள்.

மதியம் அவர் கண்ணயரும்போது, இன்றும் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். மூச்சு வருகிறது. தாயே, வருகிறது.